இடது காதுக்குச் சொன்னது

எங்கள் மில்லில் காது அடைத்துக்கொண்டால் யாரும் டாக்டரிடம் போக மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருப்பார்கள். ஆறு நாள் ஸ்பின்னிங் டிபார்ட்மெண்ட் இரைச்சலில் நின்றவனுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்த மாதிரி இருக்கும். ஞாயிறு மத்தியானம் கறிச்சோறு சாப்பிட்டுப் படுத்து எழுந்தால் தானாகத் திறந்துவிடும். "ஊருக்கெல்லாம் ஞாயித்துக்கெழம கடை அடைப்பு, நமக்குக் காது தெறப்பு" என்று வன்னியம்பட்டியிலிருந்து வரும் என் கூட்டாளி ஒருவன் சொல்வான். இருபத்து மூன்று வருஷமாக நான் அங்கே மெஷின் பழுது பார்க்கும் பிட்டர். அந்த ஞாயிற்றுக்கிழமை வைத்தியம் எனக்கு ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. அதை நம்பித்தான் மோசம் போனேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எழுந்தபோது இடது காதில் தண்ணீர் புகுந்தது போலிருந்தது. கட்டிலை விட்டுக் காலை ஊன்றியதும் தரை சற்று விலகிப் போய்த் திரும்பி வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காதுக்குள்ளே எங்கோ தூரத்தில் ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அடுப்படியிலிருந்து என் மனைவி ஏதோ கேட்டாள். வலது காதில் விழுந்தது, பதில் சொன்னேன். மில் காதுதானே, ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அந்த ஞாயிறு திறக்கவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. ஆறு ஞாயிறு போயிற்று.

வீட்டில் சொல்லவில்லை. மில்லுக்காரனுக்கு ஒரு காது போனதை மறைப்பது பெரிய வித்தையில்லை. மெஷின் இரைச்சலில் நாங்கள் பேசுவதே கையாலும் உதட்டாலும்தான். தோளைத் தட்டிக் காட்டினால் சூப்பர்வைசர் வருகிறார், கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோனால் டீ. எதிராளி முகம் தெரிந்தால் போதும், பாதிப் பேச்சை உதட்டிலிருந்தே எடுத்துக்கொள்வேன். அதனால் வீட்டில் ஒன்றும் தெரியவில்லை. போனை மட்டும் இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றிக்கொண்டேன்.

முகம் தெரியாத ஒரே இடம் பைக்.

என் மனைவி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்து ஆபீஸில் கிளார்க். எங்கள் வீடு ராஜபாளையத்தில். மில் இரண்டு ஊருக்கும் நடுவில். காலையில் அவளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, வந்த வழியே திரும்பி மில்லுக்குப் போவேன். சாயங்காலம் அவள் பஸ்ஸில் வந்துவிடுவாள். மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். ஆனாலும் வீட்டுக்குள் பேச்சு கம்மி. எங்கள் குடும்பப் பேச்சு முழுவதும் அந்த இருபத்தைந்து நிமிஷத்தில்தான் நடந்தது. ஹெல்மெட் பைக் கண்ணாடியில் தொங்கும், போலீஸைக் கண்டால் மட்டும் தலைக்கு ஏறும். அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு இடப்பக்கம் பார்த்து உட்காருவாள். அந்தப் பக்கம் மலை. வலது கையை என் தோளில் வைத்து, கழுத்தைத் திருப்பி, என் இடது காதில் பேசுவாள். கல்யாணம் ஆன மறு வாரத்திலிருந்து அப்படித்தான்.

காது போன பிறகும் அவள் பேசிக்கொண்டு வந்தாள். நான் ம் கொட்டிக்கொண்டு வந்தேன்.

உண்மையைச் சொன்னால் அது சுகமாகத்தான் இருந்தது. இடப்பக்கம் உலகம் வாயை மூடிக்கொண்டது. காலை வெயில் வலப்பக்கத்திலிருந்து விழ, மலை மொத்தமும் நீலத்திலிருந்து மெதுவாகப் பச்சைக்கு மாறும். கண்மாயில் கொக்குகள் எழும்பும், சத்தமில்லாமல். ஒரு நாள் வரப்பில் நின்ற மயில் கழுத்தை நீட்டி வாயைத் திறந்தது. அகவுகிறது என்று தெரிந்தது. ஒன்றும் கேட்கவில்லை. தூங்கி எழாமலேயே வண்டி ஓட்டிக்கொண்டு போவது போலிருந்தது. தோளில் அவள் கை சூடாக இருந்தது. காதுமடலில் அவள் மூச்சுக்காற்று பட்டது. அந்த மூச்சில் வார்த்தை இருந்தது என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக மறந்தே போனேன்.

நாலாவது வாரத்தில் மூன்று நாள் மட்டும் அவள் பேச்சு வேறு மாதிரி இருந்தது. வழக்கமாக அவள் பேசுவாள், நிறுத்துவாள், சிரிப்பாள், தோளில் ஒரு தட்டுத் தட்டுவாள். அந்த மூன்று நாளும் ஏறி உட்கார்ந்ததிலிருந்து பள்ளிக்கூட வாசல் வரைக்கும் கையை எடுக்கவே இல்லை. விரல்கள் சட்டையை இறுகப் பிடித்திருந்தன. ஏதோ பெரிய விஷயம் என்று எனக்குப் புரிந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தி, "எனக்கு அந்தக் காது கேக்கல, இந்தப் பக்கமா வந்து சொல்லு" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அரைச் செவிடு என்று தெரிந்தால் மில்லில் மெஷின் பக்கமே விட மாட்டார்கள், வாட்ச்மேனாகக் கேட்டில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயம். அதைவிட, இத்தனை நாளாக ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்பாளே என்ற கூச்சம். மூன்று நாளும் நடுநடுவே ம் என்றேன். மூன்றாம் நாள் இறங்கியபோது அவள் கண் சிவந்திருந்தது, ஆனால் முகம் தெளிந்திருந்தது. அன்று சாயங்காலம் எனக்குப் பிடிக்குமென்று பருப்புவடை சுட்டுவைத்திருந்தாள்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் கத்துகிற ஆள். குழம்பில் உப்பு, வாசலில் செருப்பு, மகளின் மார்க்கு, எதற்கும் தெருக்கோடி வரை கேட்கும்படி கத்துவேன். மில்லுக்காரன் வீட்டில் மெதுவாகப் பேசினால்தான் அதிசயம், இரைச்சலில் நின்றவனுக்குச் சத்தத்தின் அளவு தெரியாது என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்திருந்தேன். எங்கள் தெருவில் எல்லா ஆம்பளைகளும் அதே நியாயத்தைத்தான் வைத்திருந்தார்கள். ஒரு நாளும் கை நீட்டியதில்லை என்பதை வேறு மெடல் மாதிரி நெஞ்சில் குத்திக்கொண்டு திரிந்தேன். ஆனால் காது போன பிறகு என்னால் கத்த முடியவில்லை. குரலை உயர்த்தினால் இடது காதுக்குள் தகரத்தைத் தட்டியது போல் அதிர்ந்து, செத்த நேரம் தலை சுற்றும். அதனால் மெதுவாகப் பேசினேன். பாதி நேரம் பேசாமலே இருந்தேன்.

அந்த நாட்களில் வீடு எவ்வளவு நன்றாக இருந்தது. சாயங்காலம் அவள் மல்லிகைப்பூ கட்டிக்கொண்டு டிவி பார்ப்பாள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவள் ஏதோ பாட்டை முணுமுணுப்பது தெரியும். கல்யாணமாகி வந்த புதிதில் அவள் பாடிக் கேட்டது, பிறகு இல்லை. எதனால் இந்த மாற்றம் என்று நான் யோசிக்கவில்லை. கிடைக்கிறதே என்று இருந்துவிட்டேன்.

ஆறாவது வாரம் மில்லில் இடப்பக்கமாக வந்த நூல் பாபின் தள்ளுவண்டி முழங்காலில் மோதிச் சாய்த்துவிட்டது. தள்ளி வந்தவன் பத்து தடவை கத்தியதாகச் சத்தியம் செய்தான். காலுக்குக் கட்டுப் போட்ட மில் டாக்டர் என் காதருகில் விரலைச் சொடுக்கிப் பார்த்தார். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் காது மூக்கு தொண்டை பார்க்கும் டாக்டரம்மா ஒருவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தெரு என்பதால் என் மனைவி பர்மிஷன் போட்டுவிட்டு வந்துவிட்டாள். காலில் அடி, அப்படியே காதையும் பார்க்கச் சொன்னார்கள் என்று மட்டும் அவளிடம் சொல்லியிருந்தேன்.

டாக்டரம்மா ஒரு இரும்புக் கவையைத் தட்டி என் நெற்றியின் நடுவில் வைத்தார். ஓசை முழுவதும் வலப்பக்கமாக ஓடிப்போனது. அடுத்து ஒரு கண்ணாடி அறைக்குள் ஹெட்போன் மாட்டி உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். இடது காதுக்கு முறை வந்ததும் ஒன்றும் கேட்கவில்லை. நான் விடுவேனா? சத்தம் இந்நேரம் வந்திருக்கும் என்று குத்துமதிப்பாக அமுக்கிக்கொண்டே இருந்தேன். வெளியே உட்கார்ந்திருந்த பெண் கதவைத் திறந்து, "சார், நான் இன்னும் எதுவுமே போடல" என்றாள்.

டாக்டரம்மா எத்தனை நாளாக என்று கேட்டார். ஒரு வாரம் என்றேன். அவர் பேனாவை மேஜையில் வைத்துவிட்டு, நாளைச் சரியாகச் சொன்னால்தான் மருந்தை முடிவு பண்ண முடியும், இதில் நாள்தான் முக்கியம் என்றார். என் மனைவி பக்கத்து நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆறு வாரம் என்றேன்.

மில் சத்தம் காதைத் தின்றால் இரண்டையும் சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும், ஒரே காலையில் ஒரு காது போவது வேறு வியாதி என்று டாக்டரம்மா விளக்கினார். உள்காதில் நரம்பு பக்கம் அடிபடுகிறது. பெரும்பாலும் காரணம் தெரியாது. முதல் ஓரிரு வாரத்தில் வந்திருந்தால் மாத்திரையிலேயே கொஞ்சமாவது மீட்டிருக்க வாய்ப்பு உண்டு. இப்போது நம்பிக்கை குறைவு, இருந்தாலும் முயற்சி செய்வோம், தலைக்கு ஸ்கேனும் எடுத்துப் பார்த்துவிடுவோம் என்றார். நான் தலையை ஆட்டிக்கொண்டே என் மனைவியைப் பார்த்தேன். அவள் டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை. விரலை மடக்கி வாரத்தை எண்ணிக்கொண்டிருந்தாள்.

கீழே மருந்துக்கடை வாசலில் நின்று கேட்டாள்.

"அந்த மூணு நாளும் நான் பேசுனது?"

கேட்டுச்சு என்றேன்.

"என்ன சொன்னேன்?"

நாலு பேர் நின்ற இடம். காலில் வலி. பொய் பிடிபட்ட ஆத்திரம். "ஏட்டி, இப்ப அதுதான் முக்கியமா? மனுசனுக்குக் காது போயிக் கெடக்கு" என்று கத்தினேன். ஆறு வாரத்தில் அதுதான் முதல் கத்தல். தலைக்குள் தகரம் அதிர்ந்தது, கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டேன். அவள் தோள் இரண்டும் ஒடுங்கிப் போனதைப் பார்த்தேன். அது அவள் யோசித்துச் செய்ததில்லை, உடம்பு தானாகச் செய்தது. அப்படி அவள் ஒடுங்குவது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் அன்றைக்குத்தான் பார்த்தேன். "சரி, போதும்" என்று சொல்லிவிட்டு மாத்திரைச் சீட்டை என் கையில் கொடுத்துவிட்டு நடந்து போனாள்.

ஸ்கேனில் கோளாறு எதுவும் இல்லை. மாத்திரைகளை விழுங்கினேன். பிறகு வாரத்துக்கு ஒன்றாக நாலு ஊசி, காதுச் சவ்வின் வழியாக நேராக உள்ளே. ஊசி போட்டதும் இடது காது மேலே இருக்கும்படி அரை மணி நேரம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். பேசக் கூடாது, எச்சில் விழுங்கக் கூடாது. கேட்கிற காது தலையணையில் புதைந்துவிடும். கேட்காத காதில் மருந்து. அந்த அரை மணி நேரமும் உலகத்தில் ஒரு சத்தமும் கிடையாது. ஜன்னல் வழியாக வேப்பமரம் ஆடுவது தெரியும். மின்விசிறி சுற்றும். எதிரில் ஸ்டூலில் என் மனைவி உட்கார்ந்திருப்பாள். நாலு தடவையும் வந்தாள். கண் செருகும்போது அவளும் மரமும் ஜன்னலும் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் மிதக்கும்.

அந்த நாட்களில்தான் கனவு வர ஆரம்பித்தது. கனவில் எனக்கு இரண்டு காதும் கேட்கும். பைக் போகிறது, பின்னால் அவள் பேசுகிறாள், ஒவ்வொரு வார்த்தையும் இடது காதில் தனித்தனியாக, மணிமணியாக விழுகிறது. அட, இதுதானா, இதற்குத்தானா இத்தனை நாள் என்று நானும் சமாதானமாகிறேன். விழித்துப் பார்த்தால் கேட்டது ஞாபகம் இருக்கும், என்ன கேட்டேன் என்பது மட்டும் இருக்காது. அப்படியே மறுபடியும் கண்ணை மூடிக் கிடப்பேன், கனவுக்குள் திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்பதுபோல.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு அவளிடம் கெஞ்சினேன். என்ன சொன்னாய் என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிடு என்றேன்.

"அதெல்லாம் ஒரு தடவதான் வரும். ஒங்க மூஞ்சியப் பாக்காம இருந்ததுனாலதான் அன்னைக்கும் வந்துச்சு" என்றாள்.

நாலு ஊசி முடிந்து மறுபடி அதே கண்ணாடி அறை. இந்தத் தடவை ஏமாற்றாமல் உட்கார்ந்திருந்தேன். முடிவில் மாற்றம் இல்லை. ஒரே நன்மை, உள்ளே தகரம் அதிர்வது நின்றுபோனது. இனி நான் கத்தலாம், தலை சுற்றாது. இதை டாக்டரம்மா சொன்னபோது என் மனைவியும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு ராஜபாளையத்திலேயே காது மெஷின் கடை ஒன்றில் புதுவகைக் கருவியைப் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். செத்த காதில் ஒரு மைக், நல்ல காதில் ஒரு மெஷின். இடப்பக்கத்துச் சத்தத்தை இது பிடித்து வலப்பக்கத்துக்கு அனுப்பிவிடும். குக்கர் விசில், கதவு தட்டுவது, இடப்பக்கமாக வரும் தள்ளுவண்டி, எல்லாம் திரும்ப வந்தது. ஆனால் எல்லாமே வலது காதுக்குள்தான் கேட்கும். சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது மட்டும் வரவே இல்லை. அது வருவதற்கு இரண்டு காது வேண்டுமாம். பஸ் ஸ்டாண்டில் யாராவது கூப்பிட்டால் கோயில் தேர் மாதிரி மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றித்தான் ஆளைக் கண்டுபிடிப்பேன். பைக்கில் போனால் காற்று மைக்கில் மோதி ஒரே இரைச்சல், கழற்றிப் பையில் வைக்க வேண்டியதுதான்.

ஹாரன் எந்தப் பக்கம் என்று தெரியாமல் ரோட்டில் ஒரு லாரியிடம் தப்பித்த அன்று என் மனைவி வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டாள். மகள் விட்டுப்போன ஸ்கூட்டியை அவள் கடைத்தெருவுக்கு மட்டும்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். இப்போது அதில் மெயின் ரோட்டுக்கு வந்தாள். நான் பின்னால். மில் வாசலில் இறங்கிய முதல் நாளே, மாப்பிள்ளை ஊர்வலம் வருது என்று டீக்கடையில் ஒருவன் குரல் கொடுத்தான். யாரென்று பார்ப்பதற்காகச் சுற்றித் திரும்புவதற்குள் எல்லோரும் சிரித்து முடித்துவிட்டார்கள். கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அன்று சாயங்காலம் வீட்டில் கத்திவிடுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது. மொட்டை மாடிக்குப் போய் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, இருட்டிய பிறகுதான் இறங்கினேன்.

பின்னால் உட்கார்ந்த பிறகுதான் ஒன்று தெரிந்தது. ஓட்டுகிறவர் பேசினால் காற்றே அதைப் பின்னால் கொண்டுவந்து கொடுத்துவிடும். அவளுடைய இடது தோளுக்கு மேலாகத் தலையை நீட்டினால் என் வலது காது அவள் கன்னத்துக்கு ஒரு சாண் தூரத்தில். அவள் ஒன்றும் பேசாமல்தான் ஓட்டினாள். ஒரு மாதம் போனது.

ஐப்பசியில் ஒரு நாள் மலை மேல் மேகம் இறங்கி, பாதி மலையைக் காணோம். ரோடு நனைந்து கிடந்தது, மழை இல்லை. கண்மாய்த் தண்ணீரும் வானமும் ஒரே நிறத்தில் இருந்தன. அன்று எனக்கு லீவு, அவள் கூடவே கடைசி வரை போய்ப் பஸ்ஸில் திரும்பலாம் என்று ஏறியிருந்தேன். மில்லைத் தாண்டியதும் அவளாகப் பேச ஆரம்பித்தாள். ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். குரல் உயரவும் இல்லை, உடையவும் இல்லை.

அந்த மூன்று நாளில் முதல் நாள் சொன்னது, நீங்கள் சத்தம் போட்டால் எனக்கு இன்னும் ஈரக்குலை நடுங்குகிறது, இருபத்திரண்டு வருஷமாகியும் பழகவில்லை என்று. இரண்டாம் நாள் சொன்னது மகளைப் பற்றி. சாயங்காலம் உங்கள் பைக் சத்தம் தெருமுனையில் கேட்டதும் அவளும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். பக்கத்திலேயே காலேஜில் சீட்டு கிடைத்தும் அவ்வளவு தூரம் ஏன் போனாள் என்று நினைக்கிறீர்கள் என்று. மூன்றாம் நாள் சொன்னது, நானும் அவளோடு போய் ஒரு வேலையைத் தேடிக்கொண்டு இருந்துவிடலாம் என்று பார்க்கிறேன், போகட்டுமா என்று.

"மூணுக்கும் ம்முன்னு சொன்னீங்க. அதுக்கு முந்தி மூணு வாரமா நீங்க சத்தம் போடாததுனாலதான் சொல்லவே துணிஞ்சேன், சொன்ன பொறவும் ஒரு சத்தம் இல்ல. நான் சொன்னதக் கேட்டு மொத்தமா மாறிட்டீங்கன்னு நெனச்சேன். போற நெனப்பையே விட்டுட்டு எம்புட்டு சந்தோசமா இருந்தேன்."

ஒரு பஸ் எங்களைத் தாண்டிப் போக, வண்டியை ஓரமாக ஒதுக்கினாள்.

"நாலு ஊசிக்கும் பக்கத்துலயே ஒக்காந்திருந்தேம்லா. காது வரணும்னு சாமிகிட்ட கேக்க எனக்கு வாயே வரல. வந்துட்டா பழையபடி ஆயிருவீங்களேன்னு இருந்துச்சு."

எனக்குக் கோபம் வரவில்லை. இருபத்திரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவள், என் காது போனதை நல்ல காலமாக நினைக்கும்படி நான் வாழ்ந்திருக்கிறேன். வெட்கத்தில் அவள் தோளைத் தொடக்கூடக் கை வரவில்லை. இன்னும் போக வேண்டுமென்று இருக்கிறதா என்று கேட்டேன்.

"வண்டி ஓட்டிக்கிட்டிருக்கேன். இப்பக் கேக்காதீங்க" என்றாள்.

பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். சாப்பிடவில்லை. அவள் சாயங்காலம் வருவாளா என்று அந்த இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. வரும் நேரம் நெருங்கியதும் காது மெஷினை எடுத்து மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். தெருவில் ஸ்கூட்டிகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றின் சத்தமும் தெளிவாகக் கேட்டது. எந்தப் பக்கமிருந்து என்றுதான் தெரியவில்லை. அதனால் தெருவின் இரண்டு முனைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, அவள் முகம் தெரியும் வரை அங்கேயே நின்றேன்.